கை நசுங்கினால், விரல் துண்டானால்: பினாங்கில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிறையில் பிரஸ் மெஷின், பாயான் லெப்பாஸில் கன்வேயர், மளிகைக் கடையில் தேங்காய் திருகும் மெஷின், பாசார் மாலாம் இரவுச் சந்தையில் கரும்பு பிழியும் உருளை, தீபாவளி இரவில் கையிலேயே வெடித்த பட்டாசு. காரணம் எதுவானாலும், எமர்ஜென்சி வாசலில் நிற்கும் குடும்பத்தார் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான். ஆபரேஷன் முடிந்த கைகளுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. அதனால் தையல் போட்ட பிறகு வரும் மாதங்களைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பேசியிருக்கிறேன்.

விரல் துண்டாகி விழுந்துவிட்டது. ஐஸில் போட்டு எடுத்துப் போகலாமா?

ஐஸ் வேண்டும், ஆனால் விரல் ஐஸைத் தொடக் கூடாது. ஐஸ் நேராகப் பட்ட சதை உறைந்து செத்துவிடும். அப்படிப்பட்ட விரலை யாராலும் ஒட்ட முடியாது. பிரிட்ஜின் ஃப்ரீசரில் வைப்பதும் அதே கதைதான்.

ஒட்டியிருக்கும் மண்ணையும் சக்கையையும் சுத்தமான தண்ணீரில் லேசாக அலசுங்கள், தேய்க்க வேண்டாம். ஈரமாக்கிய காஸ் துணியில் சுற்றுங்கள். காஸ் இல்லையென்றால் துவைத்த கைக்குட்டை போதும். அதை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டி, ஐஸும் தண்ணீரும் கலந்த இன்னொரு பைக்குள் வையுங்கள். டெட்டால், பால் எதிலும் ஊற வைக்காதீர்கள். எவ்வளவு சிதைந்த துண்டாக இருந்தாலும் கொண்டுவாருங்கள். ஒட்ட முடியாத விரலிலிருந்துகூட தோலையோ நரம்பையோ எடுத்துப் பக்கத்து விரலைக் காப்பாற்ற முடியும்.

விரல் ஒரு சின்னத் தோல் துணுக்கில் தொங்கினால் அதை அறுத்துவிடாதீர்கள். அந்தத் துணுக்குக்குள் ஒரு சிரை, அதாவது ரத்தத்தை விரலிலிருந்து திருப்பிக் கொண்டுபோகும் குழாய், ஓடிக்கொண்டிருக்கலாம்.

காயம்பட்ட கையைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, நெஞ்சுக்கு மேலே தூக்கி வையுங்கள். மோதிரம், வளையல், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் வீக்கம் வருவதற்குள் கழற்றிவிடுங்கள். மஞ்சள் தூள், கோப்பித் தூள், பற்பசை எதுவும் காயத்தில் போகக் கூடாது. அவற்றைக் கழுவி எடுப்பதற்கே ஆபரேஷன் அறையில் நேரம் வீணாகிறது. இன்னொன்று: ஆள் மயங்கிவிடுவாரே என்று மைலோ கலக்கிக் கொடுக்காதீர்கள். வயிற்றில் ஏதாவது இருந்தால் மயக்க மருந்து கொடுப்பது தள்ளிப்போகும். நல்ல மனதோடு செய்யும் காரியங்களில் இதுதான் அதிகம் கெடுதல் செய்கிறது.

கை உருளைக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது. இழுத்து எடுக்கலாமா?

வேண்டாம். முதலில் மெயின் சுவிட்சை அணையுங்கள், பிறகு 999. பொம்பா (தீயணைப்பு) வீரர்களிடம் உருளையைப் பிரித்தெடுக்கும் கருவிகள் இருக்கின்றன. கரும்பு மெஷினில் மாட்டிய கையைப் பதற்றத்தில் இழுத்தால், கையுறை கழல்வது மாதிரி தோல் முழுக்க உரிந்து வரும். உள்ளே எலும்பு உடையாமல் தப்பித்திருந்தாலும் அந்தக் கைக்கு வைத்தியம் கடினமாகிவிடும். ரிவர்ஸில் ஓட்டுவதும் ஆபத்துதான்; மெஷினை நன்கு தெரிந்தவர் பக்கத்தில் இல்லாமல் அதைத் தொட வேண்டாம்.

கம்பெனி பேனல் கிளினிக்குக்கு முதலில் போகச் சொல்கிறார்களே?

கை நசுங்கியிருந்தால், கம்பெனி ஒப்பந்தம் வைத்திருக்கும் பேனல் கிளினிக்கில் கட்டுப் போடுவதைத் தவிர எதுவும் செய்ய முடியாது. பக்கத்திலுள்ள பெரிய ஆஸ்பத்திரியின் எமர்ஜென்சிக்கு நேராகப் போங்கள். ஒட்டும் வசதி அங்கே இல்லாவிட்டாலும் ரத்தத்தை நிறுத்தி, ஊசி போட்டு, எக்ஸ்ரே எடுத்து, வசதியுள்ள இடத்துக்கு அவர்களே போன் செய்து அனுப்புவார்கள். நீங்களாக மூன்று ஆஸ்பத்திரி வாசல் ஏறி இறங்குவதைவிட அது வேகம்.

எத்தனை மணி நேரத்துக்குள் போக வேண்டும்?

எங்கே துண்டானது என்பதைப் பொறுத்தது. விரலில் தசை கிடையாது. எலும்பு, தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் கயிறு), நரம்பு, ரத்தக்குழாய், தோல் இவ்வளவுதான். ஆகவே அது ரத்தமில்லாமல் கொஞ்சம் தாங்கும். சாதாரண வெப்பத்தில் ஏறக்குறைய 12 மணி நேரம், ஒழுங்காகக் குளிரில் வைத்தால் 24 மணி நேரம் வரைகூட. மணிக்கட்டுக்கு மேலே போனால் தசை வந்துவிடுகிறது. தசை 6 மணி நேரத்துக்கு மேல் ரத்தமில்லாமல் தாங்காது. செத்த தசையை ஒட்டி ரத்தத்தைத் திறந்துவிட்டால் அதிலிருக்கும் பொட்டாசியமும் கழிவும் உடலுக்குள் பாய்ந்து இதயத்தையும் சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும். பினாங்குப் பாலத்தில் நெரிசல் என்றால் விரலுக்காகக் கலங்க வேண்டியதில்லை. முன்கைக்காகக் கலங்கத்தான் வேண்டும்.

கிரீஸ் கன் பட்டு விரல் நுனியில் ஊசி குத்தின அளவு ஓட்டைதான். இதற்கு எதற்கு ஆபரேஷன்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். கிரீஸ் கன், பெயின்ட் ஸ்ப்ரே, ஹைட்ராலிக் குழாய் மூன்றும் மிக உயர்ந்த அழுத்தத்தில் வேலை செய்பவை. அந்தச் சின்ன ஓட்டை வழியாகப் போன பெயின்ட் தசைநாண் உறைக்குள் ஓடி உள்ளங்கை வரை போயிருக்கும். முதல் இரண்டு மணி நேரம் வலிகூட அதிகம் இருக்காது. பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு ஷிப்ட்டை முடித்துவிட்டு, மறுநாள் காலை விரல் வீங்கி வெளுத்த பிறகு வருகிறவர்களில் பலருக்கு விரலை எடுக்க வேண்டியதாகிறது. ஓட்டையின் அளவைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உடனே வாருங்கள், உள்ளே போனது என்ன திரவம் என்று டப்பாவையும் கையோடு கொண்டுவாருங்கள்.

துண்டான விரலைப் பத்திரமாகக் கொண்டுபோயும் ஒட்ட வேண்டாம் என்கிறார் டாக்டர். அலட்சியமா?

பெரும்பாலும் இல்லை. குடும்பங்களுக்கு அதிகக் கோபம் வரும் இடமும் இதுதான், அதனால் விரிவாகச் சொல்கிறேன்.

கட்டைவிரல் போனால் டாக்டர் எப்பாடுபட்டாவது ஒட்டப் பார்ப்பார். கை செய்யும் வேலையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவான பங்கு அந்த ஒரு விரலுடையது; அது இல்லாமல் எதையும் சரியாகப் பிடிக்க முடியாது. ஒரே நேரத்தில் பல விரல்கள் போயிருந்தாலோ, உள்ளங்கையிலோ மணிக்கட்டிலோ துண்டாகியிருந்தாலோ, காயம்பட்டது குழந்தையாக இருந்தாலோ அப்படியே.

பெரியவர் ஒருவருக்கு ஆள்காட்டி விரல் மட்டும், அதுவும் அடிப்பகுதியில் துண்டாகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒட்ட முடியும். ஆனால் அந்த இடத்தில் இரண்டு தசைநாண்கள் ஒரு குறுகிய உறைக்குள் ஓடுகின்றன. ஒட்டினால் அவை உறையோடு பிடித்துக்கொண்டு விரல் விறைத்துப் போகும் வாய்ப்பு அதிகம். விறைத்த ஆள்காட்டி விரல் சட்டைப் பைக்குள் போகாது, நாற்காலியில் இடிக்கும், குளிரில் வலிக்கும். மூளை அதை ஒதுக்கிவிட்டு நடுவிரலை வேலைக்கு வைத்துக்கொள்ளும். ஆறு மாதம் வேலையை விட்டு, இரண்டு மூன்று ஆபரேஷன் பட்டு, கடைசியில் யாரும் பயன்படுத்தாத ஒரு விரல். அதே விரலை ஒழுங்காக மூடித் தைத்தால் பலர் இரண்டு மாதத்தில் வேலைக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

உருளையில் நசுங்கியதும், மோதிரம் மாட்டிப் பிய்ந்ததும் கத்தி வெட்டைவிடக் கடினம். வெட்டில் ரத்தக்குழாயின் முனை மட்டும்தான் கெட்டிருக்கும். பிய்ந்ததில் உள்சுவர் நீளத்துக்குக் கிழிந்திருக்கும். இதோடு கடும் சர்க்கரை நோய், புகைப்பழக்கம், வேறு உயிராபத்தான காயம் எல்லாம் சேர்த்துத்தான் முடிவெடுப்பார்கள்.

நீங்கள் கேட்க வேண்டியது, "ஒட்டினால் இந்தக் கை ஒரு வருடம் கழித்து என்ன செய்யும்? ஒட்டாவிட்டால் என்ன செய்யும்?" என்பதை. அவர் என்ன வேலை செய்கிறார், எந்தக் கை பழக்கம், மிருதங்கம் வாசிப்பாரா, பூக்கட்டிப் பிழைப்பவரா என்பதையெல்லாம் டாக்டரிடம் சொல்லுங்கள். அவை முடிவை மாற்றக்கூடிய விவரங்கள்.

ஆபரேஷன் அறைக்குள் இவ்வளவு நேரம் என்னதான் செய்கிறார்கள்?

முதலில் கழுவுவது. நசுங்கிய காயத்தில் செத்த சதையை வெட்டி எடுத்துச் சுத்தம் செய்வதற்கே நெடுநேரமாகும். பிறகு எலும்பைக் கொஞ்சம் குறைத்துக் கம்பியால் இணைப்பார்கள். ஏன் குறைக்க வேண்டும் என்று கேட்பார்கள்: அறுந்த ரத்தக்குழாய்களின் நல்ல முனைகள் இழுபடாமல் சந்திப்பதற்கு. அடுத்து விரலை நீட்டும் தசைநாண், மடக்கும் தசைநாண், தமனி (ரத்தத்தை விரலுக்குக் கொண்டுவரும் குழாய்), நரம்பு, சிரை, கடைசியாகத் தோல்.

விரல் தமனியின் குறுக்களவு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர். அதைத் தைக்கும் நூல் தலைமுடியைவிட மெல்லியது. வெறுங்கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. மைக்ராஸ்கோப்பின் கீழே சுற்றிலும் ஆறு, எட்டுத் தையல். ஒன்று பின்சுவரில் மாட்டிக்கொண்டாலும் குழாய் அடைத்துவிடும். ஒரு விரலுக்கே மூன்று நான்கு மணி நேரம் பிடிக்கும். நான்கு விரல் என்றால் இரவு முழுக்க, ஆள் மாற்றி ஆள் நின்று செய்வார்கள். ஜப்பானில் நாரா மருத்துவப் பல்கலைக்கழகத்தில் கொமாட்சு, தமாய் என்ற இரு மருத்துவர்கள் 1965-இல் முழுக்கத் துண்டான கட்டைவிரலை இப்படி ஒட்டிக் காட்டியதுதான் விரல் ஒட்டுதலுக்குத் தொடக்கம்.

கையை ஏன் இடுப்புக்குக் கீழே தைத்து வைத்திருக்கிறார்கள்?

பார்த்ததும் பலர் பயந்துபோகிறார்கள். புறங்கைத் தோல் போய் தசைநாணும் எலும்பும் வெளியே தெரிந்தால், தொடையிலிருந்து மெல்லிய தோலை உரித்து ஒட்டினால் பிடிக்காது. ரத்த ஓட்டத்தோடு கூடிய தடித்த தோல் வேண்டும். கவட்டுப் பக்கத் தோலை ஒரு முனை உடம்போடு இருக்கும்படி தூக்கி, மறுமுனையைக் கையில் தைத்துவிடுவார்கள். ஏறக்குறைய மூன்று வாரத்தில் கையிலிருந்தே புது ரத்தக்குழாய் அதற்குள் வளர்ந்துவிடும், அப்புறம் பிரித்துவிடலாம். மைக்ராஸ்கோப் வசதி உள்ள இடங்களில் தொடைத் தோலை அதன் ரத்தக்குழாயோடு முழுவதும் எடுத்து ஒரே தடவையில் கையில் பொருத்துவதும் உண்டு. மூன்று வாரக் கட்டு முறை பழையது என்று ஒதுக்காதீர்கள். பல கைகளை அது காப்பாற்றியிருக்கிறது. கஷ்டமெல்லாம் தோள் இறுகிப் போவதும், கழிவறைக்குப் போவதும்தான். கைலி கட்டிக்கொண்டால் சுலபம்.

கால்விரலை எடுத்துக் கட்டைவிரலாக வைப்பதாகச் சொல்கிறார்கள். நடக்க முடியுமா?

முடியும். காலின் இரண்டாம் விரலை எடுத்தால் நடையில் வித்தியாசமே தெரியாது. பெருவிரலை எடுத்தால் ஓடும்போதும் மாடி ஏறும்போதும் கொஞ்சம் தெரியும். செருப்பில்லாமல் கோயில் பிரகாரத்தில் நடக்க வெட்கமாக இருக்கிறது என்று ஒருவர் சொன்னார். அதே கையால் அவர் தேங்காய் உடைக்கிறார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வார்டில் ஏர்கோன் போட மாட்டேன் என்கிறார்கள், தே தாரிக் கூடாதாம், விரலில் அட்டைப்பூச்சி வேறு!

மூன்றுக்கும் காரணம் ஒன்றுதான்: 1 மில்லிமீட்டர் குழாய் திறந்திருக்க வேண்டும். குளிர், நிக்கோட்டின் இரண்டும் ரத்தக்குழாயைச் சுருக்கும். டீ, கோப்பியில் இருக்கும் கஃபேனையும் அதே பயத்தில் சில வாரம் நிறுத்தச் சொல்வார்கள். டீயில் ஒரு வாய் குடித்துவிட்டால் உலகம் முடிந்துவிடாது. சிகரெட்டில் அப்படிச் சமாதானம் கிடையாது. பார்க்க வருகிறவர் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று ஊதுவதும் கணக்கில் சேரும்.

நர்ஸ் மணிக்கொரு தரம் வந்து நகத்தை அழுத்திப் பார்ப்பார். வெளுத்து இரண்டு வினாடியில் சிவந்தால் நல்லது. வெளுத்தே கிடந்தால் தமனி அடைத்திருக்கிறது. நீலம் பாரித்து, அழுத்தி விட்டதும் சட்டென நிறம் திரும்பினால் ரத்தம் உள்ளே வருகிறது, வெளியே போக வழியில்லை. அந்த நிலையில்தான் மருத்துவ அட்டை. தேங்கிய ரத்தத்தை அது உறிஞ்சும்; அதன் உமிழ்நீரில் இருக்கும் ஹிருடின் ரத்தம் உறையாமல் தடுப்பதால், அட்டை விழுந்த பிறகும் மணிக்கணக்கில் கசியும். அதற்குள் புதுச் சிரைகள் உருவாகிவிடும். தோட்டத்தில் வளர்ந்த பாட்டிமார்களுக்கு அட்டையை உப்புப் போட்டு விரட்டித்தான் பழக்கம். இங்கே காசு கொடுத்து வாங்கி விடுகிறார்கள் என்றால் சிரிக்கிறார்கள். தோட்டத்து அட்டையைப் பிடித்துக்கொண்டு வந்துவிடாதீர்கள். மருத்துவ அட்டைக்கே கிருமித் தொற்று தடுக்க ஆன்டிபயாடிக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

பத்தியம் உண்டா?

கோழி சாப்பிட்டால் சீழ் பிடிக்கும், முட்டை சாப்பிட்டால் அரிக்கும், இறால் ஆகவே ஆகாது என்று சொல்லி, ரசம் சாதமும் பிஸ்கட்டும் மட்டும் கொடுத்துக் கொண்டிருப்பார்கள். புதுத் தோலும் தசையும் உருவாகப் புரதம் வேண்டும். ஒவ்வாமை இல்லாதவர் முட்டை, கோழி, மீன், பருப்பு எல்லாம் சாப்பிடலாம். விரால் மீன் சூப் நம் ஊர் நம்பிக்கை. நல்ல புரதம், தாராளமாகக் கொடுங்கள். சைவக்காரர்களுக்குத் தயிர், பயறு, தவு, தெம்பே. சர்க்கரை நோயாளிகள் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்காவிட்டால் எந்தச் சூப்பும் உதவாது.

தசைநாணைத் தைத்தாயிற்று. விரலை அசைத்தால் பிய்ந்துவிடாதா? அசைக்காவிட்டால் ஒட்டிக்கொள்ளுமாமே?

இரண்டும் உண்மை. கை வைத்தியத்தின் தலைவலியே இதுதான். மோட்டார் சைக்கிள் பிரேக் கேபிள் உறைக்குள் வழுக்கி ஓடுவது மாதிரிதான் மடக்கும் தசைநாண் விரலுக்குள் ஓடுகிறது. அசைக்காமல் வைத்தால் தையல் போட்ட இடம் உறையோடு ஒட்டி, கேபிள் துருப்பிடித்த நிலை. ஓவராக இழுத்தால் தையல் அறுந்துவிடும். விரலின் அடியிலிருந்து நடு மூட்டு வரையுள்ள இந்தப் பகுதியை யாரும் கால் வைக்கக் கூடாத நிலம் என்று ஒரு காலத்தில் சர்ஜன்கள் ஒதுக்கியே வைத்திருந்தார்கள்.

இப்போது தையல் போட்ட சில நாட்களிலேயே பயிற்சி தொடங்குகிறது, ஆனால் கையைத் தாங்கிப் பிடிக்கும் ஸ்ப்ளின்ட் என்ற கட்டுக்கு உள்ளேயே. மணிக்கட்டும் விரலும் முழுக்க நீள முடியாதபடி அது தடுக்கும். மற்றக் கையால் விரலை மெதுவாக மடக்கிவிட்டு, பிறகு அதுவாக நீளவிட வேண்டும். விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கு ஒரு தடவை, பத்துப் பத்தாக. ஆறு வாரம் வரை ஸ்ப்ளின்ட் இரவும் பகலும். கனமான பொருள் தூக்க பன்னிரண்டு வாரம்.

தையல் அறுந்து திரும்பி வருகிறவர்களைப் பார்த்தால், வலி குறைந்து தெம்பு வந்த மூன்று நான்காவது வாரக்காரர்கள்தான் அதிகம். ஸ்ப்ளின்ட்டைக் கழற்றிவிட்டுக் குளித்தார், பேன்ட் இழுத்தார், பேரப்பிள்ளை விழப்போகிறது என்று பிடித்தார். "டப்" என்று ஒரு சத்தம், பிறகு விரல் மடங்கவில்லை. அப்படி நடந்தால் அடுத்த அப்பாயின்மென்ட் வரை காத்திருக்காமல் அன்றே வாருங்கள்.

குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். வாயில் ஊட்டிவிடுவது அன்புதான், ஆனால் இரண்டு மாதம் கழித்தும் அம்மாவே ஊட்டிக்கொண்டிருந்தால் அந்தக் கை வேலைக்கு வராது. ஸ்ப்ளின்ட் போடும் வாரங்கள் தாண்டியதும் சட்டைப் பொத்தான், சப்பாத்தி மாவு, பயறு பொறுக்குவது என்று அவரிடமே வேலையைக் கொடுங்கள்.

கையை உருவி விடலாமா?

முதல் மூன்று மாதம் கூடவே கூடாது. அதற்கப்புறமும் தழும்பை எப்படித் தேய்ப்பது என்று பயிற்சியாளரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

விரல் மரத்துப்போயிருக்கிறது. உணர்ச்சி எப்போது வரும்?

நரம்பு நாளைக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் வளரும். மணிக்கட்டில் அறுந்தால் விரல் நுனி வரை வர ஆறு மாதத்துக்குக் குறையாது. வழியில் எறும்பு ஊர்வது, மின்சாரம் அடிப்பது போன்ற உணர்வு வந்தால் நல்ல அறிகுறி. உணர்ச்சி முன்போல் முழுதாகத் திரும்புவது பெரியவர்களுக்கு அபூர்வம். குழந்தைகளுக்கு நன்றாகவே வரும். அதுவரை சூடான தோசைக்கல், கொதிக்கும் டம்ளர், சாம்பிராணிக் கரண்டி எல்லாவற்றிலும் கண் வையுங்கள். தீப்பட்டது தெரியாமல் கொப்புளத்தோடு வருகிறவர்கள் உண்டு. தொட்டாலே துள்ளும் அளவு கூச்சம் இருந்தால் பஞ்சு, துணி, பிறகு அரிசிப் பாத்திரத்தில் கையை அளைவது என்று படிப்படியாகப் பழக்குவோம். தொழிற்சாலை ஏர்கோனில் விரல் வலிப்பது ஓரிரு வருடம் நீடிக்கலாம். கையுறை போட டாக்டரிடம் கடிதம் வாங்கி மேலாளரிடம் கொடுங்கள்.

இன்னும் ஆபரேஷன் இருக்குமா?

கடுமையான காயத்தில் பெரும்பாலும் இருக்கும். ஒட்டிக்கொண்ட தசைநாணை விடுவிப்பது ஒன்று. இடத்தை மட்டும் மரக்கச் செய்து, ஆளை விழிப்போடு வைத்தே செய்வதுண்டு; மேசையில் படுத்திருப்பவரிடம் "இப்போது மடக்குங்கள்" என்பார் டாக்டர், போதுமா போதாதா என்பது அங்கேயே தெரிந்துவிடும். நரம்பு திரும்பாமல் தசை செயலிழந்திருந்தால், வேலை செய்யும் வேறொரு தசைநாணை இடம் மாற்றித் தைப்பார்கள். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் பால் பிராண்ட் என்ற சர்ஜன், தொழுநோயில் மடங்கிப்போன விரல்களுக்கு இந்த முறையை 1940-களின் பிற்பகுதியிலேயே செய்யத் தொடங்கினார். அவசரப்படாதீர்கள்: மூட்டுகள் இளகி, தழும்பு மெத்தென்று ஆன பிறகுதான் இதெல்லாம்.

இறந்தவரின் கையை எடுத்து வைக்க முடியாதா?

உலகில் சிலருக்கு நடந்திருக்கிறது. நம் நாட்டிலேயே 2000-ஆம் ஆண்டு, செலாயாங் மருத்துவமனையில் டாக்டர் வி. பத்மநாதன் தலைமையில் ஒரு குழு, இறந்துபோன இரட்டைக் குழந்தையின் கையை அதன் சகோதரிக்குப் பொருத்தியது. ஒரே கருவில் பிரிந்த இரட்டையர் என்பதால் அந்தக் குழந்தையின் உடல் கையை ஏற்றுக்கொண்டது. மற்றவர்களுக்கு வாழ்நாள் முழுக்க எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து வேண்டும். ஒரு கை இருக்கும்போது அந்த விலையைக் கொடுக்கப் பலர் தயங்குவதில் நியாயம் இருக்கிறது.

சொக்சோவில் என்ன கிடைக்கும்?

விபத்து நடந்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி சொக்சோவுக்கு (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) தெரிவிக்க வேண்டும். வேலைக்குப் போகும் வழியில், வரும் வழியில் நடந்த விபத்தும் சேரும். குறைந்தது நான்கு நாள் எம்.சி. (மருத்துவ விடுப்பு) இருந்தால், எம்.சி. நாட்களுக்குத் தினச் சம்பளக் கணக்கில் 80 விழுக்காடு. சிகிச்சையெல்லாம் முடிந்த பிறகு மருத்துவக் குழு நிரந்தரக் குறைபாட்டை விழுக்காட்டில் மதிப்பிடும். 20 விழுக்காடு வரை மொத்தத் தொகையாகவும், அதற்கு மேல் மாத உதவித்தொகையாகவும் வரும். கை இன்னும் தேறிக்கொண்டிருக்கும்போதே மதிப்பீட்டுக்கு அவசரப்படாதீர்கள், அதற்காக வருடக்கணக்கில் தள்ளியும் போடாதீர்கள்.

தமிழ்நாட்டிலிருந்து வந்து உணவகத்தில் வேலை செய்கிறவர்களும் பெர்மிட் இருந்தால் 2019 ஜனவரி முதல் இதில் அடக்கம். சொந்தமாகக் கரும்புச் சாற்றுக் கடை வைத்திருப்பவர், சுயதொழில் செய்வோருக்கான சொக்சோவில் விபத்துக்கு முன்பே பெயர் பதிந்திருக்க வேண்டும். எம்.சி., எக்ஸ்ரே, முதல் நாள் எடுத்த போட்டோ எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் வையுங்கள். நீண்ட மறுவாழ்வுப் பயிற்சி தேவைப்படுவோருக்கு மலாக்காவில் சொக்சோவின் துன் அப்துல் ரசாக் மறுவாழ்வு மையம் இருக்கிறது. தங்கிப் பயிற்சி பெறலாம். தூரம் என்று மறுத்துவிடாமல் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

இரவில் மெஷின் சத்தம் கேட்டு எழுந்துகொள்கிறார். பைத்தியமா?

இல்லை. இப்படிப்பட்ட காயத்துக்குப் பிறகு இது சகஜம். கட்டுப் பிரிக்கும்போது கையைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்வார், கல்யாண வீட்டில் கையைப் பைக்குள் வைத்துக்கொள்வார். சில வாரத்தில் குறையாவிட்டால் கை கிளினிக்கிலேயே சொல்லுங்கள், மனநலப் பிரிவுக்கு அனுப்புவார்கள். "ஆம்பளைதானே, தைரியமாக இரு" என்று சொல்லாதீர்கள்.

கட்டைவிரல் ரேகை போய்விட்டது. மைகார்டு என்னாகும்?

மைகார்டு அடையாள அட்டையில் இரண்டு கட்டைவிரல் ரேகையும் பதிவாகியிருக்கும். வங்கியில் மற்றக் கட்டைவிரலை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டும் படிக்கவில்லை என்றால் டாக்டர் கடிதத்தோடு பதிவு இலாகாவுக்குப் போங்கள். போன் பூட்டைத் திறக்க வேறு விரலைப் பதிந்துகொள்ளுங்கள். கட்டுப் பிரித்த பிறகு ரேகை மாறியிருக்கும், தழும்பு முதிரும்வரை அடிக்கடி மாறவும் செய்யும்.